பாரம் நிரப்பச் சொன்ன பத்திரிகைக்காரர்



நம்ம வீட்டுத் தகரப்பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கும் பொருள் எது? தாலிக்கொடிக்கு அடுத்தபடி, அடையாளக் கார்டு. அது நீலமா சிவப்பா என்பதைப் பொறுத்து ஒரு குடும்பத்தின் தலையெழுத்தே மாறிப்போன காலம் ஒன்று உண்டு. பெரியவர்கள் அதை மறந்திருக்க மாட்டார்கள். இளைஞர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

பிழைக்க வந்த மக்கள், வந்த நாட்டோடு ஒன்றிப் போக வேண்டுமா? போனால் நம்ம மொழி என்ன ஆகும், பழக்கவழக்கம் என்ன ஆகும்? போகாவிட்டால் நம்ம பிள்ளைகளின் கதி என்ன? இந்தக் கேள்வி இன்று நேற்று வந்ததல்ல. நம் பாட்டன்மார் காலத்திலேயே இது லயத்து வாசலில் வந்து நின்றுவிட்டது. அப்போது அதற்குப் பதில் சொல்ல முன்வந்தவர்களில் முக்கியமான ஒருவரின் கதையை இன்று பார்ப்போம். அவர்தான் தமிழவேள் கோ. சாரங்கபாணி.

திருவாரூரிலிருந்து சிங்கப்பூருக்கு

சாரங்கபாணி 1903-ஆம் ஆண்டு ஏப்ரல் 19-ஆம் தேதி தஞ்சைச் சீமையைச் சேர்ந்த திருவாரூரில் பிறந்தார். ஆங்கிலமும் படித்தவர். 1924-இல், இருபத்தொரு வயதில், கப்பலேறிச் சிங்கப்பூர் வந்தார். கங்காணி கூட்டி வந்த ஆள் அல்ல அவர். கணக்கெழுதும் வேலைக்கு வந்தவர். பால்மரத்து அடியில் நின்றவர் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நம்ம பாட்டன்மார் போல முதுகு வளைந்து உழைத்த வாழ்க்கை அவருடையதல்ல. ஆனால் அப்படி உழைத்தவர்களை அவர் பார்த்தார். பார்த்துவிட்டுச் சும்மா இருக்க அவரால் முடியவில்லை.

அந்நாளில் வந்தவர்கள் எல்லாருக்கும் ஒரே கணக்குத்தான். வந்தோமா, உழைச்சோமா, நாலு காசு சேர்த்தோமா, ஊர் போய்ச் சேர்ந்தோமா! ஊரில் ஒரு துண்டு நிலம் வாங்கணும், தங்கச்சிக்குக் கல்யாணம் பண்ணணும், அப்பன் பட்ட கடனை அடைக்கணும். மலாயா என்பது அவர்களுக்கு நாடு அல்ல, வேலைத்தளம். இங்கே வேர் விடணும் என்று யாரும் நினைத்து வரவில்லை. சாரங்கபாணியும் அப்படி நினைத்தா வந்திருப்பார்?

தோட்டம் ஒரு தீவு

நம்மவர்கள் மற்றவர்களோடு பழகாமல் ஒதுங்கியே கிடந்தார்கள் என்று சிலர் இன்றும் குறை சொல்வதுண்டு. அதைக் கேட்கும்போது நமக்குச் சுருக்கென்று இருக்கிறது. ஒதுங்கிக் கிடந்தார்களா, ஒதுக்கி வைக்கப்பட்டார்களா?

தோட்டம் எப்படி அமைந்திருந்தது என்று யோசித்துப் பாருங்கள். விடியுமுன் பெரட்டு. அதன்பின் பால்வெட்டு. குடியிருக்க லயம். சாமி கும்பிட உள்ளேயே கோயில். சாமான் வாங்க உள்ளேயே கடை. சம்பளத்தைக் கரைக்க உள்ளேயே கள்ளுக்கடை. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆயாக்கொட்டகை. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், ஒரு தோட்டத்தில் பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் அங்கே பள்ளி வைக்க வேண்டும் என்றது. நல்ல சட்டம்தான். ஆனால் பல தோட்டங்களில் ஒற்றை வாத்தியாரோடு, ஒரு கொட்டகையில், சில வகுப்புகளோடு அந்தப் படிப்பு முடிந்துபோனது. அதற்கு மேல் படிக்கப் பட்டணத்துக்குப் போக வேண்டும். போக வழி ஏது?

மலாய்க் கம்பம் கூப்பிடு தூரத்தில் இருக்கும். சீனர் கடைத்தெரு இரண்டு கல் தொலைவில் இருக்கும். ஆனாலும் பிறந்து, வளர்ந்து, மணமுடித்து, செத்து, அதே தோட்டத்துச் சுடுகாட்டில் எரிந்துபோன மனிதர்கள் எத்தனை பேர்! அப்படி வாழ்ந்தவனைப் பார்த்து நீ ஏன் ஊரோடு ஒட்டவில்லை என்று கேட்பது என்ன நியாயம்? தோட்டத்தை நடத்தியவர்களுக்கு அவன் கை வேண்டியிருந்தது. அவன் வெளியுலகத்தைப் பார்ப்பது அவர்களுக்கு வேண்டியிருக்கவில்லை.

தோட்டத்தான் நிலை எவ்வளவு நிச்சயமற்றது என்பது 1930-இல் தெரிந்தது. உலகமெங்கும் வியாபாரம் படுத்தது. ரப்பர் விலை அதலபாதாளத்துக்குப் போனது. ஆளுக்கு 50 காசு நாள் சம்பளம் என்று இருந்தது வெட்டிக் குறைக்கப்பட்டது. வேலை இல்லாதவர்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். 1930-க்கும் 1933-க்கும் இடையில் அப்படிப் போனவர்கள் லட்சத்துக்கும் மேல். மரம் பால் கொடுத்தவரை இருந்தார்கள். விலை விழுந்ததும் பழைய மங்கு மாதிரி ஒதுக்கப்பட்டார்கள். சாரங்கபாணியின் வயது அப்போது முப்பதைத் தொடவில்லை. இதையெல்லாம் கண்முன்னே பார்த்த காலம் அது.

ஒரு காசுப் பத்திரிகை

1929 டிசம்பரில் பெரியார் ஈ.வெ.ரா. மலாயா வந்தார். ஈப்போவில் தமிழர் மாநாடு நடந்தது. பிறகு சிங்கப்பூருக்கும் போனார். சாதி வேண்டாம், மூடப்பழக்கம் வேண்டாம், வீண் செலவு வேண்டாம் என்ற பேச்சு இங்கே ஒரு புது வேகத்தைக் கொடுத்தது. அந்த வேகத்தில் 1932-இல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் பிறந்தது. சாரங்கபாணி அதில் முன்னால் நின்று உழைத்தார். அதற்கு முன்பே முன்னேற்றம் என்ற ஏட்டில் எழுதிப் பழகிய கை அவருடையது.

1935-ஆம் ஆண்டு ஜூலை 6-ஆம் தேதி தமிழ் முரசு வெளிவந்தது. முதலில் வார ஏடு. விலை ஒரு காசு. ஏழை வாங்கிப் படிக்க வேண்டும் என்பதற்காகவே அந்த விலை. சில ஆண்டுகளில் அது நாளேடாக வளர்ந்தது.

அந்நாளில் பத்திரிகை படித்த விதமே தனி. எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் லயத்துத் திண்ணையில் உட்கார்ந்து உரக்கப் படிப்பார். சுற்றிலும் பத்துப் பதினைந்து பேர் வெற்றிலை மென்றுகொண்டு கேட்பார்கள். ஒரு காசுக் காகிதம் ஒரு லயத்துக்கே அறிவு புகட்டியது. கள்ளுக்கடைக்கு எதிராக எழுதினார். சாதிக்கொரு வரிசை, சாதிக்கொரு குவளை என்பதற்கு எதிராக எழுதினார். நம்மை நாமே பிரித்துவைத்துக்கொண்டு, மற்றவர்கள் நம்மை மதிக்கவில்லை என்று அழுவதில் பயனில்லை என்பது அவர் எண்ணம். அடுத்தவரோடு ஒன்று சேருமுன் நமக்குள்ளே ஒன்று சேரணும் அல்லவா?

சொன்னதை அவர் தம் வீட்டிலும் செய்து காட்டினார். அவர் மணந்துகொண்டது லிம் பூன் நியோ என்ற சீனப் பெண்மணியை. அந்தக் காலத்தில் இது எப்பேர்ப்பட்ட காரியம் என்று நினைத்துப் பாருங்கள்! சொந்தச் சாதிக்குள், சொந்த ஊருக்குள் சம்பந்தம் தேடி மாதக்கணக்கில் கடிதம் எழுதிக் காத்திருந்த காலம். ஊர் என்ன பேசியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் அந்தக் குடும்பத்தின் தலைவர்தான் தமிழுக்காகப் பிறகு ஊரெல்லாம் உண்டியல் ஏந்தினார். மற்ற இனத்தோடு உறவு கொண்டால் தமிழ்ப்பற்று கரைந்துபோகும் என்ற பயத்துக்கு இதைவிட நல்ல பதில் வேண்டுமா?

எந்தக் கரை நம்ம கரை?

1942-இல் ஜப்பான்காரன் வந்தான். பத்திரிகை நின்றது. தோட்டத்தார் பட்ட பாட்டை விரிவாகச் சொல்ல இங்கே இடம் போதாது. சயாம் ரயில் பாதைக்குப் போன ஆயிரமாயிரம் பேர் திரும்பி வரவேயில்லை என்ற ஒரு வரி போதும். 1945-இல் சண்டை முடிந்தது. முரசு மீண்டும் ஒலித்தது. ஆங்கிலம் படிப்பவர்களுக்காக இந்தியன் டெய்லி மெயில் என்ற நாளேட்டையும் அவர் 1946-இல் தொடங்கினார். நம்ம குறையை நமக்குள்ளேயே பேசிக்கொண்டிருந்தால் போதாது, மற்றவர் காதிலும் விழணும் என்ற எண்ணம்தான் காரணமாக இருக்க வேண்டும்.

1947-இல் இந்தியா சுதந்தரம் பெற்றது. இங்கே தோட்டங்களில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்தார்கள். ஆனால் அந்த மகிழ்ச்சியோடு ஒரு சிக்கலும் வந்தது. அதுவரை எல்லாரும் வெள்ளைக்காரன் குடிமக்கள். இங்கே இருந்தாலும் அங்கே இருந்தாலும் ஒரே ராஜாவுக்குக் கீழே. இனிமேல் அப்படி இல்லை. இந்தியா தனி நாடு. மலாயாவும் ஒருநாள் தனி நாடாகும். அப்போது நாம் யார்? நேருவும் இதில் தெளிவாகவே இருந்தார். வெளிநாட்டில் நிலையாக வாழ்பவர்கள் அந்த நாட்டுக்கே குடிமக்களாகி, அதற்கே விசுவாசமாக இருக்கட்டும், இந்தியக் குடிமக்களாகவே இருக்க விரும்பினால் விருந்தாளி போல நடந்துகொள்ளட்டும் என்பது அவர் நிலை. இரண்டு நாட்டுக் குடியுரிமைக்கு இந்தியச் சட்டத்தில் இடமில்லை.

இலங்கையில் நடந்தது எல்லாருக்கும் ஓர் எச்சரிக்கை மணி. அங்கே தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர்களும் நம்மைப் போலத் தமிழகத்திலிருந்து போனவர்கள்தான். 1948-இல் வந்த குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை ஒரே அடியில் நாடற்றவர்கள் ஆக்கியது. ஓட்டும் போனது. 1964-இல் இரண்டு நாட்டுத் தலைவர்களும் உட்கார்ந்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று ஆட்டுமந்தையைப் பங்கு போடுவதுபோல ஒப்பந்தம் செய்தார்கள். மிச்சம் 1,50,000 பேருக்கு அப்போதைக்கு முடிவே சொல்லவில்லை.

இதில் ஒரு பாடம் உண்டு. ஒன்றிப் போவது ஒரு கை ஓசை அல்ல. வருகிறவன் உள்ளே வர விரும்பினால் மட்டும் போதாது. வீட்டுக்காரன் கதவைத் திறக்கணும். இலங்கையில் கதவைச் சாத்தினார்கள். மலாயாவிலும் சிங்கப்பூரிலும் கதவு திறந்தது, ஆனால் எப்போதும் திறந்தே கிடக்கும் என்று யாரும் உறுதி சொல்லவில்லை. திறந்திருக்கும்போதே உள்ளே போய்விடணும் என்று சாரங்கபாணி துடித்தார்.

பாரம் நிரப்பும் படலம்

1957 ஆகஸ்ட் 31-இல் மலாயாவுக்கு மெர்டேக்கா. இங்கே பிறக்காதவர்களும் குடியுரிமை கேட்கலாம் என்று அரசியல் சட்டம் வழி விட்டது. முந்திய பன்னிரண்டு ஆண்டில் எட்டு ஆண்டு இந்த நாட்டில் இருந்திருக்க வேண்டும். மலாய் மொழி ஓரளவு தெரிந்திருக்க வேண்டும். அதிலும் ஒரு சலுகை. மெர்டேக்கா நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனுப் போட்டால் மொழிப் பரீட்சை கிடையாது! அதே ஆண்டு சிங்கப்பூரிலும் குடியுரிமைச் சட்டம் வந்தது. எட்டு ஆண்டு குடியிருந்தவர்கள் பதிந்துகொள்ளலாம். நவம்பர் 1-ஆம் தேதி பதிவு தொடங்கியது.

தமிழ் முரசு இதையே மூச்சாக்கிக்கொண்டது. நாள் தவறாமல் செய்தி, விளக்கம், வேண்டுகோள். எழுதியதோடு அவர் நிற்கவில்லை. பத்திரிகை அலுவலகமே பாரம் நிரப்பும் இடமானது. துறைமுகத்துத் தொழிலாளிகளும், முனிசிபல் தொழிலாளிகளும், கடைச் சிப்பந்திகளும் வந்தார்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார்கள். பத்திரிகை ஆசிரியரின் வேலையா இது? அவர் அப்படிக் கேட்கவில்லை. ஆயிரக்கணக்கானோர் இந்த முயற்சியால் குடிமக்கள் ஆனார்கள்.

ஆனால் எல்லாரும் வந்தார்களா? இல்லை. ஏன் வரவில்லை?

வராதவர்களை முட்டாள்கள் என்று சொல்லிவிடுவது சுலபம். அவர்கள் பக்கமும் பார்ப்போம். கையெழுத்துப் போட்டால் இனி ஊருக்கே போக முடியாது என்று ஒரு பயம். ஊரில் உள்ள பங்கு நிலம் போய்விடும் என்று ஒரு பயம். அம்மா அங்கே, அக்கா அங்கே, குலதெய்வம் அங்கே. இந்தியாவை வேண்டாம் என்று சத்தியம் செய்வது, பெற்றவளை வேண்டாம் என்று சொல்வதுபோல் பட்டது. இது ஒரு பக்கம்.

இன்னொரு பக்கம் சொல்லாமல் விடக்கூடாதது. எந்த வருஷம், எந்தக் கப்பலில் வந்தாய் என்று கேட்டால் எத்தனை பேருக்குத் தெரியும்? பெரிய வெள்ளம் வந்த வருஷம் என்பான். மூத்தவள் பிறப்பதற்கு முன் என்பாள். அலுவலகத்துக்கு இந்தக் கணக்குச் செல்லாது. காகிதம் வேண்டும், சாட்சி வேண்டும். பட்டணத்துக்கு ஒருநாள் போனால் ஒருநாள் சம்பளம் போச்சு. அங்கே போனால் நாளைக்கு வா என்பார்கள். இரண்டு தரம் போய் அலைந்தவன் மூன்றாம் தரம் போவானா? இதனால்தான் நடமாட்டத்துக்கு வசதியிருந்த பட்டணத்தில் வேலை விரைவாக நடந்தது. ஏழெட்டுக் கல் உள்ளே இருந்த தோட்டத்துக்குச் செய்தி போய்ச் சேர்ந்தாலும் கை போய்ச் சேரவில்லை. சாரங்கபாணியின் குரல் தோட்டம்வரை கேட்டது. பாரமும் பேனாவும் எடுத்துக்கொண்டு லயத்து வாசலுக்கு வர ஆள் போதவில்லை.

தமிழுக்கு ஒரு வெள்ளி

குடியுரிமை எடு, இந்த நாட்டுக்காரனாகு என்று சொன்னவர், தமிழை விடு என்று சொன்னாரா? அதுதான் இல்லை. இதே காலத்தில்தான் தமிழுக்காக அவர் பெரும்போராட்டம் நடத்தினார்.

நம்மவர்களில் இந்து உண்டு, முஸ்லிம் உண்டு, கிறிஸ்தவர் உண்டு. எல்லாரும் தமிழர் என்று ஒரே பந்தலில் கூட ஒருநாள் வேண்டும் என்று 1952-இல் பொங்கலையொட்டித் தமிழர் திருநாளைத் தொடங்கி வைத்தார். பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி, நாடகம் என்று சிங்கப்பூரிலும் மலாயாவிலும் ஊர் ஊராக அது பரவியது. மாணவர் மணிமன்றம் என்று முரசில் பிள்ளைகளுக்கு இடம் ஒதுக்கினார். அதில் எழுதிப் பழகிய பிள்ளைகள் பலர் பின்னாளில் எழுத்தாளர்களாகவும் ஆசிரியர்களாகவும் வந்தார்கள்.

அப்போது சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பகுதி அமைக்க ஏற்பாடானது. அதில் வடமொழிக்கே முதலிடம் தரலாம் என்ற யோசனை கிளம்பியது. சாரங்கபாணி கொதித்து எழுந்தார். இந்த மண்ணில் உழைக்கும் இந்தியரில் மிகப் பெரும்பாலோர் பேசுவது தமிழ். அதற்கு இடமில்லாமல் இன்னொன்றா? முரசில் எழுதினார், மேடையில் பேசினார், மக்களைத் திரட்டினார். கடைசியில் தமிழுக்கே இடம் கிடைத்தது. 1956-இல் இந்தியப் பகுதி தொடங்கியது. அங்கே தமிழ் நூல்நிலையம் அமைக்க, தமிழ் எங்கள் உயிர் என்ற பெயரில் நிதி திரட்டினார். ஆளுக்கு ஒரு வெள்ளி கொடுங்கள் என்பது வேண்டுகோள்.

யார் கொடுத்தார்கள் தெரியுமா? பெரிய வியாபாரிகள் மட்டுமா? பல்கலைக்கழகத்தின் வாசற்படியைக்கூடப் பார்த்திராத தோட்டத் தொழிலாளிகள் கொடுத்தார்கள். மூட்டை தூக்கியவர்கள் கொடுத்தார்கள். தன் பிள்ளை அங்கே போய்ப் படிக்கும் என்ற நம்பிக்கைகூட இல்லாதவன், யாராவது ஒரு பிள்ளை படிக்கட்டும் என்று ஒரு வெள்ளியை எடுத்து நீட்டினான். கோலாலம்பூரில் பல்கலைக்கழகம் அமைந்தபின், 1959-இல் அந்தப் பகுதி அங்கே மாறியது. இன்றும் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழ் படிக்கும் பிள்ளைகள், நம் பாட்டன் பாட்டி கொடுத்த அந்த ஒரு வெள்ளியின் நிழலில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

சிங்கப்பூரில் மலாய், சீனம், ஆங்கிலத்தோடு தமிழும் ஆட்சிமொழி ஆனது. அதற்காக உழைத்த பலரில் அவரும் ஒருவர். இதை ஊன்றிக் கவனியுங்கள். அந்த மரியாதை, என்றாவது ஊர் திரும்பப் போகிறவர்களுக்குக் கொடுக்கப்பட்டதா? இங்கேயே வாழப்போகிற குடிமக்களின் மொழி என்பதால் கொடுக்கப்பட்டது. விருந்தாளி என்ன மொழி பேசினாலும் வீட்டுக்காரனுக்குக் கவலையில்லை. குடும்பத்தில் ஒருவன் என்றால்தான் அவன் மொழிக்கும் பங்கு உண்டு. சாரங்கபாணி பிடித்த சூட்சுமம் இதுதான். இந்த நாட்டில் நம் மொழி நிலைக்கணும் என்றால், முதலில் நாம் இந்த நாட்டில் நிலைக்கணும்.

அவருக்கும் சறுக்கல் உண்டு

நல்லதை மட்டும் எழுதி ஒருவரைச் சாமியாக்கிவிட்டால், அவரிடமிருந்து நாம் கற்றுக்கொள்ள ஒன்றுமிருக்காது. 1963-இல் தமிழ் முரசு ஊழியர்களே வேலைநிறுத்தம் செய்தார்கள். தொழிலாளர்களுக்காக எழுதிய ஏடு, தன் தொழிலாளர்களோடு தகராறில் சிக்கியது. ஏறத்தாழ ஓராண்டு பத்திரிகை வெளிவரவில்லை. அந்தச் சமயத்தில்தான், 1964-இல், தமிழ் மலர் என்ற புது நாளேடு தோன்றியது. முரசு மீண்டும் வந்தது என்றாலும் பழைய பலம் திரும்பவில்லை. ஊருக்கு நியாயம் சொல்வது ஒன்று, தன் வீட்டுக் கணக்கை நேர் செய்வது இன்னொன்று. இரண்டும் ஒருசேரச் செய்வது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு அதுவே சாட்சி.

1965-இல் சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்தது. ஒரே வீடாக இருந்தது இரண்டு வீடானது. ஜொகூர் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு கார்டு, அந்தப் பக்கம் ஒரு கார்டு. இரண்டு பக்கத்துத் தமிழருக்கும் சேர்த்து எழுதிய மனிதருக்கு அது எப்படி இருந்திருக்கும்!

சிவப்புக் கார்டின் விலை

அவர் எதை நினைத்து அவசரப்பட்டாரோ, அது அவர் உயிரோடு இருக்கும்போதே நடந்தது. 1968-இல் நம் நாட்டில், குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் எடுக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. 1969-இல் அது தோட்டங்களைத் தாக்கியது. நேற்றுவரை வெட்டிய அதே மரத்தை வெட்ட இன்று அனுமதிச் சீட்டு! சிவப்புக் கார்டு வைத்திருந்தவர்களின் வயிறு கலங்கியது. ஏறத்தாழ 60,000 பேர் கப்பலேறிப் போனார்கள் என்று கணக்குச் சொல்கிறார்கள்.

முப்பது வருஷம், நாற்பது வருஷம் இந்த மண்ணில் உழைத்தவர்கள் அவர்கள். தகரப்பெட்டியும் பாயும் கட்டிக்கொண்டு, நட்ட முருங்கையையும் வளர்த்த கோழியையும் பக்கத்து வீட்டுக்காரியிடம் விட்டுவிட்டுப் போனார்கள். சில வீடுகளில் புருஷனுக்குச் சிவப்பு, பெண்டாட்டிக்கு நீலம். பிள்ளைகள் இங்கே பிறந்தவை. யார் போவது, யார் இருப்பது? ஊர் ஊர் என்று உருகியவர்கள் அங்கே போனபோது ஊர் அவர்களை மறந்திருந்தது. இங்கேயும் அந்நியன், அங்கேயும் அந்நியன்.

அவர்கள் செய்த குற்றம் என்ன? ஒரு காகிதத்தை நிரப்பாதது. அந்தக் காகிதத்தை நிரப்ப அவர்களுக்கு வழி காட்டாமல் விட்டவர்களுக்கும் அந்தக் குற்றத்தில் பங்கு உண்டு. சட்டம் போட்டவர்கள் அவர்களின் உழைப்பை ஒரு நொடி எண்ணிப் பார்த்திருக்கலாம். அதையும் சொல்லத்தான் வேண்டும். நாட்டோடு ஒன்றிப் போகச் சொல்கிற நாடு, உழைத்தவனைக் கைவிடக்கூடாது.

1974-ஆம் ஆண்டு மார்ச் 16-ஆம் தேதி சாரங்கபாணி கண்ணை மூடினார். பிறந்தது காவிரிச் சீமையில். மறைந்தது சிங்கப்பூரில். இருபத்தொரு வயதில் கணக்கெழுத வந்தவர் ஐம்பது ஆண்டு இங்கேயே வாழ்ந்து, இந்த மண்ணுக்கே உரியவரானார். அவர் தொடங்கிய தமிழ் முரசு இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

நமக்கு என்ன?

இதெல்லாம் பழங்கதை, இன்றைக்கு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். பழங்கதை இல்லை, தோழர்களே. இன்னும் நம்மவர்களில் பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளை உண்டு. கல்யாணத்தைப் பதியாததால் பிள்ளையின் காகிதம் சிக்கலாகிப்போன தாய் உண்டு. தோட்டம் துண்டாடப்பட்டு வெளியேறும்போது வீடும் இல்லாமல் கார்டும் இல்லாமல் நிற்கும் முதியவர் உண்டு. காகிதம் இல்லாத பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் கஷ்டம், ஆஸ்பத்திரி கஷ்டம், வேலை கஷ்டம். ஆகவே பிள்ளை பிறந்ததும் பதியுங்கள். கல்யாணத்தைப் பதியுங்கள். பன்னிரண்டு வயதானதும் அடையாளக் கார்டு எடுத்துக் கொடுங்கள். பக்கத்து வீட்டில் எழுதத் தெரியாத ஒரு பாட்டி இருந்தால் தேசியப் பதிவு இலாகாவுக்கு நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள். ஒருநாள் சம்பளம் போனாலும் பரவாயில்லை. ஒரு குடும்பம் பிழைக்கும்.

மலாய் மொழியை நம்ம பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும். கம்பத்துப் பிள்ளையோடும் சீனர் பிள்ளையோடும் பந்தாடட்டும். அதனால் தமிழ் கெட்டுப்போகாது. வீட்டில் நாம் தமிழ் பேசாமல் விட்டால்தான் தமிழ் கெடும். அந்தப் பழியை அடுத்த வீட்டுக்காரன்மேல் போடக்கூடாது.

இன்னொன்றும் நினைவிருக்கட்டும். இன்று பல தோட்டங்களில் செம்பனைக்குலை அறுப்பவர்கள் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்தவர்கள். நம்ம பாட்டன்மார் இருந்த லயத்தில் அவர்கள் இருக்கிறார்கள். வந்தோமா, உழைச்சோமா, ஊர் போய்ச் சேர்ந்தோமா என்று அதே கணக்கை அவர்கள் வேறு மொழியில் போடுகிறார்கள். அவர்களைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் நம்மிடையேயும் உண்டு. ஒரு காலத்தில் நம்மைப் பார்த்தும் அப்படித்தான் சுளித்தார்கள் என்பதை மறந்துவிட வேண்டாம்.

ஒரு காசுக்குப் பத்திரிகை விற்றவர், ஒரு வெள்ளிக்கு உண்டியல் ஏந்தியவர், எழுதத் தெரியாதவனுக்காகப் பாரம் நிரப்பச் செய்தவர் சாரங்கபாணி. இன்று சாயந்திரம் வேலை முடிந்து வந்ததும் அந்தத் தகரப்பெட்டியைத் திறந்து, வீட்டில் ஒவ்வொருவர் காகிதமும் சரியாக இருக்கிறதா என்று ஒருதரம் பாருங்கள். அவருக்கு நாம் செய்யும் மரியாதை அதுதான்.